அண்ணியின் வெள்ளைச் சேலை

கரையில்லாத வெள்ளை நூல் சேலை ஒன்று அச்சுவேலியில் அண்ணை வீட்டுக் கொடியில் இரண்டு வருடம் காய்ந்தது. அதை உடுத்தபடி அண்ணி முற்றம் கூட்டியதை முதன்முதல் கண்ட காலை, நான் மோட்டார் சைக்கிளைக் கேற்றடியில் விழவிட்டு, "ஐயோ என்ரை அண்ணை" என்று தலையிலடித்து அழுதேன். அயல் முழுக்க வேலிக்கு வந்துவிட்டது. என் இரண்டு புத்தக வெளியீட்டுக்கும் சேர்த்து அவ்வளவு சனம் வரவில்லை. உள்ளேயிருந்து அண்ணையின் குரல் கேட்டது: "ஆரடா செத்தது?"

அண்ணைக்கு முப்பது வயதுக்கு மேல் பார்வை மெல்ல மெல்ல மங்கி அணைந்தது. ஜேர்மனியில் மகளோடு இருந்த காலத்தில் விழித்திரையில் ஒரு மின்தகடு பொருத்தினார்கள். கறுப்புக் கண்ணாடியிலுள்ள சின்னக் கமரா பிடிப்பதை அது வெளிச்சப் புள்ளிகளாக்கிக் காட்டும். அதைப்பற்றி நான் நாலு கட்டுரை வாசித்த தைரியத்தில், "இனி என்ரை எழுத்தையும் வாசிக்கலாம்" என்று தொலைபேசியில் சொன்னேன். "முன்னமே சொல்லியிருந்தால் ஒப்பரேசனுக்கு ஓமெண்டிருக்க மாட்டன். எனக்கு உன்ரை அண்ணியைப் பாத்தால் போதும்" என்றார்.

ஊருக்கு வந்து அண்ணியைப் பார்த்தார். முகம் தெரியவில்லை. தலையை இருபக்கமும் மெல்ல ஆட்டினால், இருட்டான இடத்தில் வெளிச்சமான பொருள் அசைவது மட்டும் தெரியும். அண்ணியின் பச்சைச் சேலையும் நாவல் நிறச் சேலையும் வீட்டு இருட்டோடு கலந்துபோயின. ஒரு கிழமை தேடித் தேடிக் களைத்தார். எட்டாம் நாள் அண்ணி வெள்ளை உடுத்தார்.

பெரியம்மா நியாயம் கேட்க வந்தார். "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்க வெள்ளை உடுக்கிறதோ பிள்ளை? அவனுக்கெல்லோ கூடாது."

"அவருக்குத் தெரியிறன் மாமி. அது போதும்."

கதிரையில் இருந்தபடி அண்ணை நேர்முக வர்ணனை செய்வார்: "இப்ப குசினிக்குப் போறாய். இப்ப திரும்புறாய்." ஒருநாள் ஒரு சமையல் வேலையுமில்லாமல் அண்ணி மூன்றுதரம் குசினி வாசலைக் கடந்ததை நான் கண்டேன். காணாததுபோல் பேப்பர் படித்தேன்.

போன வருடம் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் உறவுப் பெண்கள் புது வெள்ளைச் சேலை கொண்டுவந்தார்கள். அண்ணி அதை மடிப்புக் குலையாமல் திருப்பிக் கொடுத்தார். "வெள்ளை அவர் பாக்க உடுத்தது. இனி ஆர் பாக்க?"

நேற்றுப் போனேன். கொடியில் பச்சைச் சேலை காய்ந்தது. நாவல் நிறச் சேலையில் அண்ணி தேத்தண்ணி போட எழும்பினார். நான் அண்ணையின் கதிரையில் இருந்தேன். "இப்ப குசினிக்குப் போறியள்" என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை. வாசலில் அண்ணி ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே போனார்.