நைனாவின் பாரும் மாமாவின் பாட்டும்

என் மாமாவின் பாட்டுக்கு இப்போது பத்திரிகைக்காரர்கள் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாட்டுப்புறமும் ராக்கும் கலந்த இசையாம். நான் மூன்றாவது படித்த காலத்தில் எங்கள் குப்பத்தில் அதற்கு 'அந்தச் சத்தம்' என்று பெயர். "அந்தச் சத்தத்த நிறுத்துறியா, கொழந்த தூங்குது" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும். மாமா நிறுத்துவார். உடனே குழந்தை விழித்துக்கொண்டு வீறிடும். மறுபடி வாசிக்கச் சொல்லி அதே வீட்டிலிருந்து ஆள் வரும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டோடுதான் இருந்தார், நைனாவோடு, அதாவது என் அப்பாவோடு, கட்டுமரத்தில் கடலுக்குப் போவார். போவார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மீன் பிடித்தார் என்று எழுதினால் நைனாவின் ஆத்மா சிரிக்கும். ஒரு வருஷம் காசிமேட்டுக்கு வேலைக்குப் போனவர், மற்றவர்கள் டிரான்சிஸ்டர் வாங்கிக்கொண்டு வருவதுபோல ஒரு பழைய கித்தாரை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். உப்புக்காற்றில் அதன் கம்பிகள் துருப்பிடித்து அறுந்து போயின. தூண்டிலுக்கு வைத்திருந்த தங்கூசி நரம்பை நைனா பார்க்காத நேரத்தில் வெட்டிக் கட்டினார். நைனா பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். வலை இழுக்கும்போது ஆண்கள் பாடும் அம்பாப் பாட்டின் தாளத்தை மாமா கித்தாரில் கொண்டுவந்தார். வார்த்தைகள் அவருடையவை.

நைனாவிடம் வேறொரு சொத்து இருந்தது. கடலுக்கு அடியில் கிடக்கிற கல்மேட்டை நாங்கள் பார் என்போம். நைனா கண்டுபிடித்து வைத்திருந்த பார் ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் மலிவான கவலை மீனோடு திரும்புகிற நாளிலும் நைனாவின் கூடையில் சங்கரா சிவப்பாகக் கிடக்கும். அங்கே தூண்டில் போட்டிருக்கும்போது வேறு கட்டுமரம் கண்ணில் பட்டால், நரம்பைச் சுருட்டி வைத்துவிட்டுத் தூங்குகிறவர்போல மல்லாந்து விடுவார். சொந்த அண்ணனுக்கே காட்டியதில்லை. நைனாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது, நான் ஒருத்திதான். ஆகவே நைனாவுக்குப் பிறகு அந்தப் பார் மாமாவுக்கு என்பது வீட்டில் சொல்லாமலே தீர்மானமாகியிருந்தது.

கடலில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளக் கரையில் இரண்டு அடையாளங்கள் வேண்டும். முன்னும் பின்னுமாக இருக்கிறவை ஒரே நேராக வந்து நிற்பது ஓர் அடையாளம். ஒன்று தெரிந்தால் கோடுதான் கிடைக்கும், அந்தக் கோட்டிலேயே நாளெல்லாம் துடுப்பு போடலாம். இரண்டும் தெரிந்தால்தான் இடம் கிடைக்கும். இது எங்கள் ஊரில் நண்டு பிடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

அந்த ஆடித் திருவிழாவுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பாட்டுக் குழு வந்தது. அதன் தலைவர் தாடை வரை கிருதா வைத்தவர். குழுவினர் காப்பி குடிக்கப் போன இடைவெளியில், ஊர்க்காரர்கள் வற்புறுத்தியதால், மாமாவை மேடையில் ஏற்றினார்கள். மாமா புதுப்பாட்டு ஒன்று கட்டியிருந்தார். வீட்டில் மெட்டை மட்டும் முனகுவார், வார்த்தையை யாருக்கும் காட்டவில்லை. மைக்கைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒத்தப்பன லைட்டவுச மறைக்கிற எடத்துல
ஒக்காந்து கெடக்கறேன் வந்துடு கண்ணு" என்று ஆரம்பித்தார்.

பெண்கள் அப்படியே உருகிவிட்டார்கள். அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். ஆண்கள் பக்கம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அவர்கள் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவம், மாமா ஒளித்து வைக்கத் தெரியாத மனுஷன். பாட்டில் காதலிக்காகக் காத்திருக்கிறவன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்று யோசித்திருக்கிறார், தினமும் நைனாவோடு தான் உட்கார்ந்திருக்கிற பாரின்மேல் உட்காரவைத்துவிட்டார். "ஒன்ஸ் மோர்!" என்று ஆண்கள் கத்தினார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் சரணத்தை இன்னும் உருக்கமாக, வார்த்தை வார்த்தையாக நிறுத்திப் பாடினார்.

இரண்டாம் சரணத்துக்கு வாயெடுத்தபோதுதான் கண்ணைத் திறந்தார். முன்வரிசையில் நைனா எழுந்து நின்றுகொண்டிருந்தார். மாமா பழைய அடியையே கித்தாரில் இன்னொரு சுற்று வாசித்தார். அப்புறம் வெண்ணிலா தாமரைமேல் தூங்கும் இடத்தில் என்று எதையோ இட்டுக்கட்டிப் பாடி முடித்தார். எங்கள் பக்கம் உப்புத் தண்ணீர், தாமரை முளைத்ததாகச் சரித்திரமே இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஊர்க் கட்டுமரங்கள் அத்தனையும் பனைமரமும் லைட் ஹவுசும் ஒன்றாகிற கோட்டில் மேலும் கீழும் அலைந்தன. ஒருத்தனுக்கும் பார் அகப்படவில்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் கூட்டம். "ஏம்பா, அந்தத் தாமர எங்க கீது?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் மாமாவுக்குப் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொன்னார். அம்மாதான் துடைப்பத்தோடு வந்து கூட்டத்தைக் கலைத்தாள். அதே கையோடு, "அந்தப் பொட்டிய ஏரியில போட்டுட்டு வரேன் பாரு" என்று கித்தாரைத் தேடினாள். அது என் பாய்க்கு அடியில் இருந்தது.

கிருதாக்காரர் அந்த வாரமே திரும்ப வந்தார். பொன்னேரியில் அவர்களுக்குப் பெரிய கச்சேரி இருந்தது. அங்கே மாமா பாட வேண்டும், ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் கேசட் போடுவேன் என்றார். ஆனால் ஒரு குறை சொன்னார். "மொத சரணம் உசுரோட கீதுப்பா. ரெண்டாவது தண்ணி ஊத்துன பாலு. அத சரி பண்ணு."

மாமாவிடம் சரியான சரணம் தயாராகவே இருந்தது. அதைப் பாடினால் பார் போய்விடும், பாடாவிட்டால் மெட்ராஸ் போய்விடும். நான்கு நாள் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்தார். பூவரச மரத்தடியில் நைனா கிழிந்த வலையைப் பொத்துகையில் நான் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிப் பிடித்திருப்பேன். அங்கே ஒரு மத்தியானம் மாமா வந்து உட்கார்ந்து, தாமரைக்குப் பதிலாக ரோஜாவைப் போட்டுப் பாடிக் காட்டினார்.

"நம்மூர்ல ரோசா எங்கடா கீது?" என்றார் நைனா. "நீ மொதல்ல கட்டினத பாடு."

மாமா என்னைப் பார்த்தார், அப்புறம் மெதுவாகப் பாடினார். பழவேற்காட்டுப் பள்ளிவாசல் மனோரா இரண்டு சவுக்குத்தோப்புக்கு நடுவே வந்து நிற்கிற இடத்தில் நான் நிற்கிறேன் என்று வந்தது. நைனா ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இதுதான் பாட்டு. இதையே பாடு."

"மச்சான், பார் போயிடும்."

"போவட்டும்."

"பாட்டு கேக்கறதுக்கு ஆள் இல்லாம போச்சுன்னா? அப்புறம் திரும்பி வந்து நான் இன்னா பண்றது? அந்தப் பார் ஒண்ணுதானே எனக்குனு கீது."

"அதுக்குத்தான்டா சொல்றேன்" என்றார் நைனா. விட்ட இடத்திலிருந்து வலையைப் பொத்த ஆரம்பித்தார்.

பொன்னேரிக்கு நாங்கள் பஸ்ஸில் போனோம். காட்டூர்ப் பக்கத்து விவசாயிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பனையும் தெரியாது மனோராவும் தெரியாது, ஆனாலும் கொட்டகை அதிர்கிற அளவுக்குக் கை தட்டினார்கள். எங்கள் குப்பத்து ஆண்கள் மட்டும் பின்னால் நின்று உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. எங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து ஊருக்குக் காட்டுவதுபோல் இருந்தது. நைனாவின் கையைப் பிடித்து இழுத்து, "சொல்லிட்டாரு நைனா, ரெண்டாவதையும் சொல்லிட்டாரு" என்றேன். "உஸ், பாட்ட கேளு" என்றார். மாமா அன்றே குழுவின் வேனில் ஏறி மெட்ராஸ் போனார். ஏறுமுன் நைனாவின் காலில் விழுந்தார். நைனா கூச்சப்பட்டு நகர்ந்ததில் என் காலில் விழுந்ததாக ஆயிற்று.

மறுநாள் பாரைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். நைனாவும் போனார். எல்லோரோடும் பீடி பிடித்து, எல்லோருக்கும் கிடைத்ததுபோல் கொஞ்சம் சங்கரா பிடித்து, மைத்துனனின் பாட்டைப் பற்றிய புகழ்ச்சியையெல்லாம் தானே பாடியதுபோல் வாங்கிக்கொண்டு, வெகு சந்தோஷமாகக் கரையேறினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கூடையைக் காலால் எத்தினேன். நைனா திட்டாமல் மீனைப் பொறுக்கிப் போட்டார்.

மெட்ராஸ் மாமாவை உடனே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. இசைக்கருவி பழுது பார்க்கிற கடையில் படுத்து, பாதி நாள் டீயோடு கழித்து, அப்புறம்தான் முதல் கேசட். போன வருஷம் என் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது, இலையில் இருந்த மீனைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "பசி எடுக்கறப்பல்லாம் பொட்டிய தூக்கிகினு பொன்னேரி பஸ் ஏறிடலாம்னு தோணும். ஏறி வந்து? அந்தப் பாரைத்தான் ஊரே பங்கு போட்டுகினாங்களே. சரி, இன்னொரு பாட்டு கட்டலாம்னு ஒக்காந்துடுவேன். அது எனக்குனு அங்க கெடந்திருந்தா, ஒரு மாசத்துல வந்து ஒங்க நைனா பின்னாடி கட்டுமரத்துல குந்திகினு இருந்திருப்பேன்."

நைனாவுக்கு இது அன்று பூவரச மரத்தடியிலேயே தெரிந்திருக்கிறது. கூடையை எத்திய எனக்குத்தான் தெரியவில்லை. அவருக்கு அந்தப் பாட்டின் அர்த்தம் புரியவில்லை, அதனால்தான் பாடவிட்டுவிட்டார் என்று நினைத்து, அன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக விளக்கிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.