புகை நிற்கும்வரை திருகினேன்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூர், ஓசூர், கோட்டயம் என்று அலைந்துவிட்டு இலஞ்சியில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் ஒட்டிக்கொண்டிருந்தேன். தென்காசி பாய் ஒருவர் ஒரு மாடல் ஹெலிகாப்டரோடு அங்கே வந்தார். மஸ்கட்டில் இந்த மாதிரிப் பொம்மைகளை விற்றுப் பழுதுபார்க்கும் கடையில் அவருக்கு வேலை.

"இஞ்சின் நின்னு நின்னு போவுது. நான் லீவு முடிஞ்சு கெளம்புததுக்குள்ள ஓட வச்சிரு. கடையில ஒனக்கும் ஒரு விசாவுக்குச் சொல்லுதேன்" என்றார்.

என் பாஸ்போர்ட்டில் அதுவரை ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை.

கைக்குள் அடங்கும் எஞ்சின். பெட்ரோல் கிடையாது, மெத்தனாலில் எண்ணெய் கலந்த எரிபொருள். பேட்டரி கிளிப்பைப் பிளக்கில் மாட்டிச் சூடாக்கி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடத் தொடங்கியதும் கிளிப்பை எடுத்துவிட்டால், தன் சூட்டிலேயே ஓட வேண்டும். எனக்கு ஓடவில்லை. கிளிப்பை எடுத்ததும் இரண்டு இருமல், பிறகு அமைதி. புதுப் பிளக் போட்டேன். குழாயைக் கழற்றி ஊதினேன். ஒன்றும் மாறவில்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. இலஞ்சிவரைக்கும் சாரல் அடித்தது. ஷெட்டில் காயப்போட்ட சட்டை காயவேயில்லை. பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது ஆளைத் தின்றுவிடும்.

ஒருநாள் சாயங்காலம் அதைப் பலகையில் கட்டி, கிளிப்பை எடுக்காமலே ஓட்டிப் பார்த்தேன். வெள்ளைப் புகை ஷெட்டை நிறைத்தது.

"என்னடே, கொசு மருந்து வண்டியா கொண்டாந்திருக்க?" என்றார் முதலாளி.

டீ கொண்டுவந்தவர் விடவில்லை. "அண்ணாச்சி, இது லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"குடிக்கதப் பாத்தா தென்காசி தாண்டாது" என்று முதலாளி சிரித்தார்.

எங்கள் ஊர்ப்பக்கம் வண்டியைச் சர்வீசுக்கு விட வருகிறவர்கள் கேட்பது இரண்டுதான்: புகை வரக்கூடாது, மைலேஜ் தர வேண்டும். இரண்டுக்கும் நாங்கள் செய்வது ஒன்றுதான், எரிபொருள் குறைவாகப் போகும்படி கார்புரேட்டர் திருகை மூடுவது. கை தானாகப் போயிற்று. கொஞ்சம் மூடினேன், புகை குறைந்தது. கிளிப்பை எடுத்தேன், நிற்கவில்லை! இன்னும் மூடினேன். புகை அடியோடு நின்றது. சத்தம் சீட்டி மாதிரி ஏறியது. ஹெலிகாப்டரின் தலைக்குமேல் இறக்கை கண்ணுக்குத் தெரியாமல் சுற்றியது. மஸ்கட் போய்விட்டதாகவே நினைத்தேன்.

சீட்டி மெலிந்தது. ஒரு கீச்சலோடு நின்றது. பிறகு எஞ்சினை அசைக்கவே முடியவில்லை.

மறுநாள் பாய் வந்து எஞ்சினைக் கழற்றினார். பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். அடுத்து, தான் கொடுத்திருந்த எரிபொருள் கேனைத் தூக்கிப் பார்த்தார்.

"மூடி லூசா கெடந்துச்சா?"

"ஆமா பாய்."

"சாரக் காத்துல இது தண்ணிய இழுத்துக்கிடும்லே. அதான் நின்னிருக்கு. வேற புது எரிபொருள் ஊத்தியிருந்தா ஓடியிருக்கும்."

"புகையா வந்துச்சு பாய். அதான் மூடுனேன்."

"இதுக்கு இஞ்சின் ஆயில் தனியா கெடையாது. இந்த எரிபொருளோட வாரதுதான். நீ மூடுனா அதுவும் போவாது. புகை வந்தாத்தான் உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் விசாவைப் பற்றிக் கேட்டிருப்பேன். எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி, கயிறு கட்டி, "வாரேன்" என்றார். அடுத்த வாரம் வேறொரு பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு அந்த ஒர்க்‌ஷாப்பில் எந்த வண்டியின் திருகைத் தொட்டாலும் கை நின்றது. எவ்வளவு மூடுவது என்று எனக்கே நிச்சயமில்லை. முதலாளி இரண்டு தடவை முறைத்தார். மூன்றாவது தடவைக்கு நான் நிற்கவில்லை. புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றும் லாரிக்கு ஆள் எடுத்தார்கள்.

"வண்டி வேல ஏதும் தெரியுமாடே?" என்று டிரைவர் கேட்டார்.

"தெரியாது" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினேன்.