நொதியும் கொதியும்

கொதியக்கா கொதிக்க வைக்காத பொருள் உலகத்தில் ஐஸ்கிரீம் ஒன்றுதான். அதையும் ஒருமுறை முயன்று பார்த்ததாகக் கேள்வி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபது வருடம். எந்த அழுக்குக்கும் அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து வெந்நீர். கொதியக்கா என்பது கூட வேலை பார்க்கும் மூன்று பெண்கள் வைத்த பெயர்.

அந்தப் பெயருக்கே கேடு வந்தது புதுச் சலவைத்தூளால். அது வந்த நாள் முதல் அறுவை அறை விரிப்புகளில் ரத்தக்கறை பழுப்புப் பழுப்பாக அப்படியே நின்றது. தலைமை நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார். "வெள்ளிக்கிழமைத் துணியும் இப்படி வந்தா, சலவையை வெளியில கொடுத்துடுவாங்க. அப்புறம் நான் சொன்னாலும் நிக்காது."

நாலு பேர் வேலை போய்விடும். கொதியக்கா சூட்டைத் தொண்ணூறு டிகிரிக்கு ஏற்றினாள். கறை அசையவில்லை.

வியாழன் மதியம், அதே மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யும் அவள் மருமகள் எட்டிப் பார்த்தாள். மாமியாரின் சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது.

"என்ன அத்தை, முகம் துவைக்காத துணி மாதிரி இருக்கு?"

"உன் வாயை முதல்ல துவைக்கணும். அந்தத் தூள் மூட்டையைப் பாரு. கொதித்தூள்னு போட்டிருக்கான். கொதிக்க வச்சா கறை போக மாட்டேங்குது."

மருமகள் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க. அது 'கொ' இல்ல, 'நொ'. நொதி. என்சைம்."

"நொதியோ கொதியோ, சூடு இல்லாம எந்தக் கறை போயிருக்கு?"

மருமகள் அழுக்குத்துணிக் குவியலைக் காட்டினாள். "அதுமேல ஏறி அந்தப் பக்கம் இறங்கத் தெம்பு வேணுமில்ல? கறை உடையவும் அப்படி ஒரு மேட்டைத் தாண்டணும். சூடு பின்னாலிருந்து தள்ளும். நொதி மேட்டை வெட்டித் தாழ்வா வழி போட்டுடும், சீக்கிரம் தாண்டிடலாம். ஒரு கறையை முடிச்சுட்டு அதுவே அடுத்ததுக்குப் போகும்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் போகல?"

"வேக வச்சுட்டீங்களே. வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகுமா? நொதியும் உருவம் குலைஞ்சா அவ்வளவுதான். ரத்தமும் வெந்து நூல்ல ஒட்டிக்கிச்சு. பழைய தூள்ல இருந்த ப்ளீச் அதை வெளுத்துடும், இதுல அது இல்ல. நாற்பது டிகிரி போதும். ரொம்ப ஜில்லுன்னாலும் சோம்பிடும்."

வெள்ளிக்கிழமை நாற்பதில் ஊற வைத்தாள். சூட்டுத் திருகியை நோக்கி அவள் கை மூன்று முறை போனது.

"அக்கா, லேசா ஜுரம் வந்த தண்ணி மாதிரி இருக்கு. இதுலயா போகும்?" என்றாள் ஒருத்தி.

"கையைக் கட்டிக்கிட்டு நில்லு. நானே கட்டிக்கிட்டுத்தான் நிக்கறேன்."

ஒரு மணி நேரம் கழித்து ஒரு விரிப்பை உதறி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை. அதற்கப்புறம்தான் கிருமி சாக வெந்நீரை விட்டாள், ஆசை தீர.

தலைமை நர்ஸ் விரிப்பைத் தடவிப் பார்த்தார். "என்ன பண்ணீங்க?"

"முதல்ல நொதி, அப்புறம் கொதி."

"சரி, திங்கக்கிழமைத் துணியும் இங்கயே வரும்."

மதியம் மருமகள் வந்தபோது டப்பா திறந்திருந்தது.

"ஆறிப்போச்சே அத்தை, சூடு பண்ணித் தரவா?"

"வேண்டாம்மா. வயித்துல இருக்கற நொதி பாத்துக்கும்."