கிணற்றுக்குள் நான் கடித்த கை

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், சித்திரை மாதம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையை ஒட்டி எங்கள் புன்செய்க் கொல்லை. அதில் ஒரு பெரிய சதுரக் கிணறு. அந்தக் கிணற்றுக்குள்தான் இது நடந்தது. நடந்தது என்று சொல்கிறேனே தவிர, பாதி எனக்கு நினைவில் இருப்பது, பாதி மற்றவர்கள் சொன்னது. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று இன்றைக்கும் பிரிக்கத் தெரியவில்லை.

நான் பிறந்தது திருமானூர்ப் பக்கம். கொள்ளிடத்து வாய்க்காலில் குதித்து வளர்ந்தவள். தண்ணீர் என்றால் எனக்குக் காலுக்குப் பக்கத்தில் ஓடுவது. வாழ வந்த ஊரிலோ தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் கிணற்று மேட்டில் நின்று கழுத்தை நீட்ட வேண்டும். கோடையில் அதுவும் கருப்பாக, ஒரு தட்டு அகலத்துக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ஒரு மண்ணெண்ணெய் எஞ்சின் வாங்கினார்கள். அண்ணனை நாங்கள் பெரிய மாமா என்போம். மேலே வைத்தால் எஞ்சினுக்குத் தண்ணீர் எட்டவில்லை. அதனால் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில், பக்கச் சுவரைக் குடைந்து ஒரு திட்டு அமைத்து அதில் இறக்கி வைத்தார்கள். இறங்கிப் போகப் படிக்கல் இருந்தது. திருச்சியிலிருந்து வந்த பிட்டர் எஞ்சினைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, "தூசி உள்ள போவக் கூடாதுங்க. பொக கெணத்துல தங்கக் கூடாதுங்க. இது ரெண்டையும் பாத்துக்கிட்டா மாடு மாதிரி ஒழைக்கும்" என்று சொன்னார். புகை வெளியேற ஒரு நீளமான இரும்புக் குழாயைக் கிணற்று மேட்டுக்கும் மேலே உயர்த்தி, கம்பத்தில் கட்டிவிட்டுப் போனார்.

சித்திரையில் எங்கள் பக்கம் சூறைக்காற்று கிளம்பும். செம்மண்ணும் சருகும் சுழன்று வந்து கிணற்றுக்குள் கொட்டும். எஞ்சின் காற்று இழுக்கிற வாயில் தூசி போய்விடும் என்று பயந்து, பெரிய மாமா பனையோலைத் தட்டி முடைந்து எஞ்சின் இருந்த மூலைக்கு மேலே கூரை மாதிரி நெருக்கமாகப் பரப்பினார். அதுவரை சரி. ஒரு நாள் சாயங்காலம் அடித்த காற்றில் கம்பம் சாய்ந்தது. புகைக் குழாய் திட்டுக்குப் பக்கத்திலேயே முறிந்து தனியாக வந்துவிட்டது.

மறுநாள் காலையில் என் கணவர் முறிந்த குழாயை வண்டியில் போட்டுக்கொண்டு அரியலூர் பட்டறைக்குப் போனார். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் எஞ்சினை ஓட்ட வேணாம்ண்ணே" என்று சொன்னதாக அவர் சொல்வார். அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று பெரிய மாமா சொல்வார். வெங்காயம் வாடித் தலை சாய்ந்து கிடந்தது. இன்னும் ஒரு தண்ணீர் விட்டால் பிழைத்துவிடும். அந்த ஆதங்கத்தில் பெரிய மாமா எஞ்சினைச் சுழற்றிவிட்டார்.

நானும் அக்காவும் கம்பங்கூழ் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. அக்கா என்றால் பெரிய மாமாவின் மனைவி. நிறைமாதக் கர்ப்பிணி. எஞ்சின் சத்தம் கேட்கிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் மடை திருப்ப ஆளைக் காணோம். ஒரே பாத்தியில் தண்ணீர் நிரம்பி வழிந்து மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. அக்கா கிணற்று மேட்டில் நின்று கூப்பிட்டாள். பதில் இல்லை. ஓலைத் தட்டி மறைத்ததால் திட்டும் தெரியவில்லை.

"நீ கொஞ்சம் எறங்கிப் பாத்துட்டு வா புள்ள. எனக்குப் படி ஆகாது" என்றாள் அக்கா.

எனக்குக் கூச்சம். கணவரின் அண்ணன் முன்னால் நான் நின்று பேசியதே கிடையாது. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். இருந்தாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

திட்டில் பெரிய மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. முகம் நன்றாகச் சிவந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி களையாக இருந்தது. ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். நான் நினைத்துப் பயந்த மாதிரி கரும்புகை எதுவும் அங்கே இல்லை. லேசாக எண்ணெய் வாடை, கொஞ்சம் கண் எரிச்சல், அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, மழை வருது பாரு. முத்தத்துல நெல்லு காயுது. அள்ளிப் போடு" என்றார்.

இப்போது சொன்னால் சிரிப்பு வரும். அப்போது எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதும் சரியாகப்பட்டது. கிணற்றுக்குள் நெல் காய்வதும் சரியாகப்பட்டது. மழை வருகிறதே என்று அவசரமாகக் குனிந்து, இரண்டு கையாலும் திட்டிலிருந்த மண்ணையும் கல்லையும் கூட்டி அள்ளத் தொடங்கினேன். அள்ள அள்ள நெல் வந்துகொண்டே இருந்தது. கால் இரண்டும் நனைந்த பஞ்சு மூட்டை மாதிரி கனத்தன. எஞ்சின் சத்தம் எங்கள் ஊர்த் திருவிழா மேளமாக மாறி, மெல்ல மெல்லத் தள்ளிப் போனது. அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். முதலில் நெல்லை அள்ளிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அதற்கப்புறம் இருட்டு.

அடுத்து நினைவில் இருப்பது ஒரு கை. பின்னாலிருந்து என் இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தது. திரும்பினால் கரி பூசின முகம், அதில் வெள்ளையாக இரண்டு கண். நெல்லைத் திருட வந்தவன் என்று நினைத்தேன். அந்தக் கையைப் பிடித்து, பல் எலும்பில் படுகிற மட்டும் கடித்தேன். வாயெல்லாம் கரியும் ரத்தமுமாகச் சுவைத்தது. அவன் கையை எடுக்கவே இல்லை.

கண் விழித்தபோது பூவரச மரத்தடியில் கிடந்தேன். மண்டையை யாரோ உலக்கையால் இடிக்கிற மாதிரி வலி. குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. சுற்றிலும் அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள். ஒரு அம்மாள் என் மூக்கில் வெங்காயத்தைக் கசக்கிப் பிடித்திருந்தாள். "நெல்லை அள்ளியாச்சா?" என்று கேட்டேன். அக்கா ஓவென்று அழுதாள்.

நடுவில் நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போனவளும் திரும்பவில்லை என்றதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலைக்கு ஓடியிருக்கிறாள். அங்கே மேட்டில் ஏற முடியாமல் ஒரு கரி பஸ் நின்றிருக்கிறது. அப்போதெல்லாம் பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய உருளை இருக்கும். அதில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டி, அதிலிருந்து வரும் கேஸில்தான் பஸ் ஓடும். ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். ஜனங்கள் இறங்கி நடப்பார்கள், டிரைவர் கரியைக் கிளறிவிடுவார்.

அக்கா அலறியதைக் கேட்டு ஆம்பிளைகள் ஓடி வந்து கிணற்றில் இறங்கப் பார்த்திருக்கிறார்கள். டிரைவர் மேட்டில் நின்று கையை விரித்து மறித்துவிட்டார்.

"ஒருத்தரும் எறங்காதீங்க! எறங்குனா நீங்களும் அங்கயே படுத்துருவீங்க. மொதல்ல அந்த ஓலையப் பிச்சுப் போடுங்க!"

"பொகையே இல்லியேய்யா" என்றாராம் ஒருவர்.

"கண்ணுக்குத் தெரியாதுங்க. எங்க பஸ் ஷெட்டுல கதவச் சாத்திக்கிட்டு கரி மூட்டுன ஒருத்தன் இப்புடித்தான் தூங்குன மாதிரியே போயிட்டான். எங்கூட வேல பாத்தவன்" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் தட்டியை இழுத்திருக்கிறார். வேப்பங்குழையைக் கத்தையாகக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் மேலும் கீழுமாக ஆட்டச் சொல்லியிருக்கிறார், உள்ளே காற்று கலையட்டும் என்று. பிறகு மாடு பூட்டி இறைக்கிற கமலைக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நான் குரல் குடுக்கலன்னாலும் இழுத்துருங்க. யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முதல் தடவை என்னைத் தூக்கி வந்தார். கையில் ரத்தம் சொட்டச் சொட்ட மறுபடி இறங்கிப் பெரிய மாமாவைக் கொண்டுவந்தார். மாமாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவரைக் காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, மார்பைத் தேய்த்து, அவர் இருமுகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்புறம் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கண் விழித்தது அதற்குப் பிறகுதான்.

என் குழப்பம் இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை.

அக்கா சாலைக்கு ஓடும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் வரும்போது நின்றிருந்தது. என் வலது உள்ளங்கை வெந்து கொப்பளித்திருந்தது. எஞ்சினுக்கு எண்ணெய் வருகிற வழியை அடைக்கிற திருகின் மேல் என் கை இருந்ததாக டிரைவர் அக்காவிடம் சொன்னாராம். அவ்வளவுதான், சின்ன மருமகள் மயக்கத்திலும் எஞ்சினை நிறுத்தி மச்சாண்டாரைக் காப்பாற்றிவிட்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அதெல்லாம் இல்லை, கிணற்றை நோண்டியதில் முனி அடித்துவிட்டது என்று இன்னொரு கட்சி. எனக்குத் திருநீறு போட்டார்கள், கிணற்றடியில் பொங்கல் வைத்தார்கள். பிட்டர் வந்து பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்: "விட்ட பொகையவே திரும்பத் திரும்ப இழுத்திருக்கும்மா. நல்ல காத்து கெடைக்காம அதுவும் மூச்சு முட்டி நின்னுருக்கலாம்."

நான் நிறுத்தினேனா? எஞ்சின் தானாக நின்றதா? மயங்கி அதன் மேல் விழுந்ததில் கை சுட்டதா? எவ்வளவு யோசித்தும் எனக்கு நெல் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. பெரிய மாமாவுக்கு அதுகூட இல்லை. அவர் தேறி நடமாட வெகு நாள் ஆயிற்று. ஒரு நாள் அக்கா மூலமாக, "கீழ நான் ஏதாவது ஏடாகூடமா பேசிட்டேனான்னு கேளு" என்று கேட்டு அனுப்பினார். "ஒண்ணும் பேசலக்கா, நல்லாத்தான் இருந்தாரு" என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு ஆண் குழந்தை சுகமாகப் பிறந்தது. வெங்காயம் போய்விட்டது. எஞ்சினுக்குப் புதிதாகக் குழாய் போட்டு, ஓலைத் தட்டியை எடுத்துவிட்டு, மேலே காற்று போய்வருகிற மாதிரி நாலு கால் நட்டு உயரத்தில் கூரை கட்டினார்கள்.

அந்த டிரைவரைத் தேடி என் கணவர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் எத்தனையோ தடவை போனார். அன்றைக்குப் பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவர் டிரைவர் நல்ல உயரம் என்றார், இன்னொருவர் குட்டை என்றார். அக்காவுக்கு அந்தப் பதற்றத்தில் முகமே ஞாபகமில்லை. முகம் நிறையக் கரி இருந்தால் யாருக்குத்தான் தெரியும்?

மறு வருஷம் தாய்வீட்டுக்குப் போக அரியலூரில் பஸ் ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பெண்கள் உட்காருகிற பலகை. வண்டி கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில், கட்டை விரலுக்குக் கீழே, பிறை மாதிரி ஒரு தழும்பு. வழியில் தண்ணீர் ஊற்ற வண்டியை நிறுத்தியபோது, இறங்கிப் போய் எப்படியோ கேட்டுவிட்டேன்.

"கையில என்னங்க காயம்?"

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார். "இதுவா? நாய் கடிச்சதும்மா" என்றார். "பாவம், அது பயந்து போயிருந்துச்சு." சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உண்மையிலேயே நாய்தானா? என்னை அடையாளம் கண்டுகொண்டு, நாலு பேர் முன்னால் நான் கூசக் கூடாது என்று அப்படிச் சொன்னாரா? நீங்கதானே என்று கேட்காமலே போய் என் பலகையில் உட்கார்ந்தேன். நான் இறங்க வேண்டிய ஊர் வந்ததும் ஒரு கும்பிடு போட்டேன். அவரும் சிரித்தபடி கும்பிட்டார். இரண்டு பேரும் எதற்காகக் கும்பிட்டுக்கொண்டோம் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

இத்தனை வருஷமாக யோசித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்றுதான். குழப்பமெல்லாம் மேலே வந்த பிறகுதான் எனக்கு வந்தது. கிணற்றுக்குள் இருந்தபோது ஒரு சந்தேகமும் இல்லை, எல்லாம் பளிச்சென்று இருந்தது. மண்ணை நெல் என்றும், காப்பாற்ற வந்தவரைத் திருடன் என்றும் அவ்வளவு உறுதியாக நம்பினேன். அதனால் இன்றைக்கும் யார் மேலாவது கோபம் வந்து, தப்பு முழுக்க அவர்கள் பக்கம்தான் என்று மனசு அடித்துச் சொல்லும்போது, நான் உடனே வாயைத் திறப்பதில்லை. வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நல்ல காற்றில் நின்றுவிட்டு வந்துதான் பேசுகிறேன்.