ரெடி ஆகாத கார்

என் காரின் இன்ஸ்பெக்‌ஷன் கெடு அந்த மாதத்தோடு முடிந்துவிடும் என்பதால், ஒரு நாள் லீவு போட்டு அரசாங்கப் புகைச் சோதனை ஸ்டேஷனுக்குப் போனேன். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். ஊழியர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகித் திரையைப் பார்த்தார். கார் ஓடும்போது தன் புகையைத் தானே சோதித்துப் பதிந்து வைக்குமாம். அந்தப் பதிவு ஒன்றுகூட இல்லை, யாரோ அழித்திருக்கிறார்கள் என்றார். என் காரை யாரும் தொடவில்லை என்று அவரோடு சண்டை பிடித்தேன். கண்ணாடியில் ஃபெயில் என்று சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பிவிட்டார்.

வீட்டில் கணவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "நான்தான் நேத்து என்னோட ஸ்கேனரைக் கார்ல சொருகி எல்லாத்தையும் க்ளியர் பண்ணேன். ஒரு சேஃப்டிக்கு."

"எஞ்சின்ல கோளாறுன்னு லைட் எரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

ஆபீசில் தன்னைக் கேட்காமல் யாராவது ப்ரோக்ராமில் ஒரு வரியை மாற்றினால் ஒரு வாரம் புலம்புகிறவர் அவர்.

பதிவுகள் திரும்பி வர, ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினைக் காலையில் கிளப்பி, நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். எங்கள் ஊர் மான்மவுத் ஜங்ஷன் பக்கம் ரூட் ஒன்னில் அடிக்கொரு சிக்னல். அதனால் தினமும் விடியற்காலையில் 287 ஹைவேக்குப் போய், பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்க அடிக்க ஓட்டினேன். நான்காம் நாள் ஸ்கேனரில் ஒன்றைத் தவிர எல்லாம் ரெடி என்று காட்டியது. ஒன்று குறைந்தால் ஸ்டேஷனில் பாஸ் பண்ணிவிடுவார்கள். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போவதாக வீட்டில் சொன்னேன்.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தால், கணவர் என் காரில் ஸ்கேனரோடு உட்கார்ந்திருக்கிறார். முகம் சரியில்லை.

"எல்லாம் ஓகேவான்னு செக் பண்ணேன்மா. கை பட்டு... அழிஞ்சிடுச்சு."

நான் போட்ட சத்தத்தில் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அம்மா, ஹீ வாஸ் ஜஸ்ட் ட்ரையிங் டு ஹெல்ப்!"

"ஹெல்ப் பண்றவங்க கேட்டுட்டுப் பண்ணணும்!" சாவியை அவர் மடியில் எறிந்தேன். "நாளையிலேர்ந்து நீங்க ஓட்டுங்க."

எட்டு மணிக்கு முன்னால் எழுந்தறியாத மனுஷன் ஐந்து நாள் இருட்டோடு எழுந்து ஓட்டினார். நான் ஒரு நாள்கூட எழுந்து காபி போட்டுத் தரவில்லை. கார் பாஸ் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில், நண்பர்களுக்கு அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி யாரும் ஸ்கேனர்ல கை வைக்கவே கூடாது. நம்ம கார்ல அப்படித்தான் ஆயிடுச்சு."

ஆயிடுச்சாம். "யார் கை வெச்சாங்கன்னும் சொல்லுங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டேன்.