ஸ்டெப்னி இல்லாத தலை

சுடுமண் சிற்பத் தொழிலில் மண் கைக்குப் பழக ஐந்து வருடம் போதும். சூளைக் கதவைத் திறக்கும் பயம் மட்டும் இருபது வருடமானாலும் பழகாது. சூளை வைத்திருக்கும் சகாக்களே, உங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஒரு மனிதரின் ஆபரேஷனைச் சூளைக்குள் வைத்துச் சுட்டிருக்கிறீர்களா? நான் சுட்டேன்.

ஆர்டர்

கீழ்பென்னாத்தூர் ஏழுமலை சொந்தமாக வேன் ஓட்டுகிறவர். ஒரு நாள் மனைவி கஸ்தூரியோடு அடி அண்ணாமலையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். தன் தலையைக் கழுத்துவரை அச்சு அசலாகச் செய்துதரச் சொன்னார்.

நான் முகத்தை அளந்து முடித்ததும் அவர் வண்டியைத் திருப்பப் போனார். கஸ்தூரி பின்தங்கினார். அடுத்த மாதம் ஏழுமலைக்கு நெஞ்சில் ஆபரேஷன். பயந்துபோய் இரண்டு முறை தேதியைத் தள்ளிவிட்டாராம். "தலை நல்லா வந்தாதான் ஆஸ்பத்திரிக்கு வருவாராம்க்கா. வெடிச்சுட்டா வரமாட்டாராம். பாத்துப் பண்ணுங்க."



உள்ளே

கெட்டியான மண் தலையை அப்படியே சுட்டால் வெடிக்கும். அதனால் மண் பாதி காய்ந்ததும், உச்சியைக் கம்பியால் அறுத்தெடுத்து, விரல் கனத்துக்கு ஓடு மட்டும் நிற்கும்படி உள்ளே குடைந்துவிட்டு, மறுபடி ஒட்டுவோம். அறுத்த உச்சியை மேஜையில் வைத்துவிட்டுக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் வந்து நின்றார்கள்.

கஸ்தூரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். ஏழுமலை குனிந்து, குடைந்த தலைக்குள் வெகுநேரம் பார்த்தார். "உள்ள ஒண்ணுமில்லனு இவ இருபத்தெட்டு வருஷமா சொல்லிக்கினு இருக்கா. இப்பதான் நேர்ல பாக்குறேன்."

இரண்டாவது தலை

பயத்தில் ஒரு காரியம் செய்தேன். அதே அளவில் இன்னொரு தலை செய்து, பின்பக்க அலமாரியில் துணி போட்டு மறைத்தேன். ஒன்று வெடித்தால் மற்றதைச் சுட்டுக் காட்டிவிடலாம். உங்களில் பாதிப் பேர் இதைச் செய்கிறவர்கள்தான், மறுக்காதீர்கள்.

அடுத்த முறை வந்தபோது ஏழுமலை துணியை விலக்கிவிட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. சுடாத மண்ணைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். கரைந்துவிடும் என்றேன். இரண்டாவது தலையை இரு கையாலும் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார். குமிழி குமிழியாக மூச்சு விடுவதுபோல் இருந்தது. முதலில் மூக்கு போனது, பிறகு கன்னம். கஸ்தூரி திரும்பி நின்றுகொண்டார். தன் முகம் சேறாகும்வரை ஏழுமலை நகரவில்லை. "ஆஸ்பத்திரில எனக்கு ஸ்டெப்னி வெச்சிருக்காங்களாம்மா? இங்கயும் வேணாம்."

கதவு

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் சூளை ஆறியது. இருவரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். வெப்ப மீட்டர் நூறு டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்தோம். கதவின் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தேன். தலை வெடிக்கவில்லை. ஆனால் இடது காதிலிருந்து தாடைவரை, நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்.

தலையைத் திருப்பி வைத்து மறைக்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் ஏழுமலை விரலை விரிசலில் வைத்துவிட்டார். இன்னும் விரியுமா என்றார். கீழே போடாதவரை விரியாது என்றேன். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கஸ்தூரி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார்.

"இத்தினி நெருப்புல நின்னு, காதுவரைக்கும் பிளந்தும், இவன் மூஞ்சி மாறல. எனக்குதான் இங்க காலு நடுங்குது. ஏறு கஸ்தூரி, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

ஏழுமலை நெஞ்சில் தையலோடு திரும்பி வந்து வேன் ஓட்டிக்கொண்டிருக்கிறார். நான்தான் அடுத்த சூளையைத் திறக்க மூன்று நாளாகத் துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.