பெட்டிக் கம்பெனி அசீசா

லக்சபான அணைக்கட்டு மின்சாரம் கொட்டகலைக் கடைத்தெருவுக்கு வந்தபோது மஃறூப் ரேடியோ பேட்டரி விற்றுக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்த முதல் வாரமே ஆட்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

"லைட்டு வந்திருச்சு மஃறூப் நானா. ரேடியோவுக்கு மட்டும் இன்னும் பேட்டரியா?"

மஃறூப் கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் ரேடியோ பழுது பார்க்கும் ஒருவரிடம் சில மாதங்கள் தங்கி, ஒரு பெட்டி செய்யப் பழகிக்கொண்டு வந்தார். சுவரிலிருக்கும் கரண்டை பேட்டரி ரேடியோவுக்குத் தோதாகக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி அது. உள்ளே இரும்புத் தகடுகள், அவற்றைச் சுற்றித் தலைமுடி போன்ற செப்புக் கம்பி. கம்பியைச் சுற்ற உட்கார்ந்தால் அவருடைய தடித்த விரல்களில் அது அறுந்து அறுந்து போனது. அவருடைய மனைவி அசீசா கம்பளையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், தையல் மெஷினில் பழகிய கை. அவள் வாங்கிச் சுற்றினாள். கம்பி அறுபடவில்லை.

கடைக்குப் பின்னாலிருந்த அறையில் இப்படித்தான் மஃறூப் எலக்ட்ரிக் வர்க்ஸ் தொடங்கியது. ஊரில் அதற்குப் பெயர் பெட்டிக் கம்பெனி. பேக்கரியில், சலூனில், ஸ்டேசன் மாஸ்டர் வீட்டில் எல்லாம் அவள் சுற்றிய பெட்டிகள் வேலை செய்தன.

பிறகு நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து, கணக்கெழுதும் கிளாக்கர் ஒருவர் வந்து பெட்டி வாங்கிப் போனார். மறுநாளே திரும்ப வந்தார். பெட்டியில் கருகல் வாடை.

"புகைஞ்சு போச்சுங்க" என்றார்.

அசீசா பிரித்துப் பார்த்தாள். கம்பி முழுக்கக் கறுத்திருந்தது. புதிதாகச் சுற்றி, கடையிலேயே மாட்டி, ரேடியோவில் பாட்டு வருவதைக் காட்டிக் கொடுத்தனுப்பினாள். அதுவும் எரிந்தது. அதே தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் வாங்கிய பெட்டியும் எரிந்தது. ஆனால் பேக்கரிப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரே கம்பி, ஒரே கை. ஊரில் பாடுகிறது, தோட்டத்தில் எரிகிறது. மலைக்கு மேலே பனி அதிகம், ஈரம் இறங்குகிறது என்று நினைத்து மெழுகுத் தாளை இரட்டையாக வைத்தாள். அதுவும் எரிந்தது. சுற்றும்போது எண்ணிக்கை தவறுகிறதோ என்று சந்தேகம் வந்து, யாராவது பேசினால் பதில் சொல்லாமல் சுற்றினாள். எண்ணி முடித்ததும் எண்ணியது சரிதானா என்று இன்னொரு சந்தேகம் வரும், பிரித்துவிடுவாள்.

"நீ எதையோ நெனச்சிக்கிட்டே சுத்துறே அசீசா" என்றார் மஃறூப்.

"நான் ஒண்ணும் நெனைக்கலீங்க. இதத்தான் நெனைக்கிறேன்."

தன் கையைத் தானே நம்ப முடியாமல் போனது அவளுக்குப் புதிதாக இருந்தது. சமையலில் உப்புப் போட்டோமா என்றுகூட நிச்சயமில்லாமல் நின்றாள். கடைசியில், அது எரிவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மஃறூபோடு பஸ் ஏறித் தோட்டத்துக்கே போனாள்.

கிளாக்கரின் மனைவி பூரணி அவளை வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்தாள். "எங்க வீட்டுல பல்பு நல்லாத்தாங்க எரியுது. ஒங்க பெட்டி மேலதான் ஏதோ கோவம் போலருக்கு."

அசீசா பெட்டியை மாட்டிக் காதை அருகில் வைத்தாள். கடையில் மாட்டினால் வண்டு சுவரில் முனகுவதுபோல ஒரு சத்தம் வரும். இங்கே சத்தமே இல்லை. கையை வைத்தால் பெட்டி மட்டும் கொதித்தது. அவள் பிடுங்கிவிட்டாள்.

"சத்தம் வரலீங்க" என்று மஃறூபிடம் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தமென்று அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த முறை கொழும்பில் தகடு வாங்கப் போனபோது மஃறூப் இதைத் தன் பழைய ஆசானிடம் சொன்னார். திரும்பி வந்து அசீசாவின் எதிரே உட்கார்ந்தார்.

"கரண்டுல ரெண்டு சாதி இருக்காம். நம்ம ஊருக்கு வர்றது முன்னுக்கும் பின்னுக்கும் போய் வருமாம். தோட்டத்துல ஓடைத் தண்ணியில டைனமோ ஓட்டி எடுக்குறது ஒரே பக்கமா போகுமாம். பல்புக்கு ரெண்டும் ஒண்ணுதான். நம்ம பெட்டிக்கு ஒரே பக்கமா போனா எரிஞ்சிருமாம்."

"அப்போ நான் சுத்துனது?"

"சரியாத்தான் சுத்தியிருக்கே."

அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்: "முன்னுக்கும் பின்னுக்கும் போனா, எப்படிங்க போய்ச் சேரும்?"

 கொழும்பில் அதைக் கேட்க மறந்துவிட்டதாக மஃறூப் சொன்னார்.

அதன்பின் தோட்டத்து ஆட்கள் பெட்டி கேட்டால், எந்தக் கரண்டு என்று விசாரிப்பார்கள். யாருக்கும் தெரியாது. "வெளிச்சம் தர்ற கரண்டுதான்" என்பார்கள். அதனால் கடையிலிருந்து யாராவது நேரில் போய் மாட்டி, முனகல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு வந்த பிறகே விற்றார்கள். அறுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் வரத்து கட்டுப்பட்டபோது உள்ளூர்ப் பெட்டிக்கு ஏகப்பட்ட கிராக்கி. ரெயில்வே ஸ்டேசனுக்குக் கீழே ஒரு பழைய ஸ்டோரை வாடகைக்கு எடுத்தார்கள். பேச்சியம்மா, சண்முகவடிவு என்று தோட்டத்து லய வீடுகளிலிருந்து பெண்கள் சிலர் வேலைக்கு வந்தார்கள். சுற்றப் பழக்கியது அசீசாதான்.

உற்பத்தி செய்ய அனுமதி கொடுப்பதற்காக ஒருநாள் அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பு யார் என்று சிங்களத்தில் கேட்டார். மஃறூப் மனைவியைக் காட்டினார். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அதிகாரி அவளிடம் கேட்டார்.

 அவள் தெரிந்த சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள்: "எப்படிச் செய்றதுன்னு தெரியும் மாத்தயா. உள்ளுக்கு என்ன நடக்குதுன்னு இன்னும் வெளங்கல."

 அதிகாரி தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அது சரி என்ற ஆட்டலா, சரிப்படாது என்ற ஆட்டலா என்று அன்று முழுக்க வீட்டில் பேச்சாக இருந்தது. அடுத்த மாதம் அனுமதி வந்தது. மஃறூப் ஊருக்கெல்லாம் மஸ்கட் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். விளங்கவில்லை என்று சொன்ன பிறகும் அனுமதியை எதற்காகக் கொடுத்தார்கள் என்று மட்டும் அசீசாவுக்குப் பிடிபடவில்லை. சண்முகவடிவு அறுந்த கம்பியோடு வந்து நின்றாள். அசீசா எழுந்து, சுற்றிக் காட்டப் போனாள்.